பெற்றவர் இருக்க அனாதை என்று பெயர்



ஐயாவின் பெயரால் கூடும் கூட்டத்தில் ஐயாவைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போவது அவருக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சேரியிலிருந்து மிஷன் போர்டிங்குக்குப் போய்ப் படித்து ஆசிரியரானவர். மிஷன் போட்ட சோற்றையும் அவர் மறக்கவில்லை, மிஷனுக்குள் இருந்த சாதியையும் மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டிய ஒரு விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆதரவில்லாத குழந்தைகளுக்காகவும் நொடிந்துபோன குடும்பங்களுக்காகவும் கிறிஸ்தவ சபைகள் செய்துவரும் ஊழியத்தைப் பற்றிய பேச்சு இது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனாதை இல்லம் என்று பலகை மாட்டிய இடங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அனாதைகள் இல்லை. அவர்கள் ஏழைகளின் பிள்ளைகள். நான் போய்ப் பார்த்த இல்லங்களில் அவர்களில் மிகப் பலர் நம் பிள்ளைகள். பிள்ளையை வாங்கி வளர்ப்பது எளிது. பிள்ளையை வளர்க்க முடியாமல் நிற்கும் வீட்டைத் தாங்குவது கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்வதுதான் ஊழியம் என்பது என் வாதம்.

ஊரடங்கு காட்டிய கணக்கு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, இல்லங்களில் அடைந்து கிடக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. அந்த வழக்கில் டிசம்பர் மாதம் ஒரு கணக்கு பதிவாயிற்று. தொற்று தொடங்கியபோது நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த குழந்தைகள் 2,27,518 பேர். அவர்களில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நூற்றுக்கு 64 பேர். திருப்பி அனுப்பினார்கள் என்றால் அனுப்புவதற்கு ஒரு வீடு இருந்திருக்கிறது. வாசலில் நின்று பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு தாயோ தகப்பனோ பாட்டியோ மாமாவோ இருந்திருக்கிறார்கள். அப்படியானால் அதற்கு முன்பு அந்தப் பிள்ளைகள் ஏன் இல்லத்தில் இருந்தார்கள்? வீட்டில் ஆள் இல்லாததால் இல்லை. வீட்டில் அரிசி இல்லாததால், பள்ளி தூரமாக இருந்ததால், சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோர் போய்விட்டதால், தகப்பன் இறந்து தாய் தனியானதால்.

அதே ஆண்டு செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 8 மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. இல்லங்களில் இருந்த 2.56 லட்சம் குழந்தைகளில் 1.84 லட்சம் பேர் இந்த 8 மாநிலங்களில் இருப்பதாகவும், 100 நாட்களுக்குள் அவர்களைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் அது சொன்னது. இல்லம் நடத்துகிறவர்கள் பதறினார்கள். வெறுங்கையோடு அனுப்பினால் பிள்ளைகள் வேலைக்குப் போவார்கள், பெண்பிள்ளைகளுக்குத் தாலி கட்டிவிடுவார்கள் என்றார்கள்.

இரண்டு பக்கத்திலும் பாதி உண்மை இருந்தது. பிள்ளைக்கு வீடு வேண்டும் என்பது உண்மை. அந்த வீட்டில் அடுப்பு எரிய வழி செய்யாமல் பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கிவிடுவது கொடுமை என்பதும் உண்மை. உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பர் உத்தரவில், வீடு திரும்பிய ஒவ்வொரு குழந்தையின் படிப்புக்கும் மாதம் 2,000 ரூபாய் தரச் சொன்னது. வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை வீட்டுக்குக் கொடுங்கள் என்பதுதான் அதன் பொருள். இதை நாம் 150 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பஞ்சமும் போர்டிங்கும்

150 ஆண்டு என்று சும்மா சொல்லவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் தின்றது. முதலில் செத்தவர்கள் நிலமில்லாத கூலிகள், அதாவது நம் மூதாதையர். கஞ்சித் தொட்டி வைத்த மிஷன்கள், பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டன. அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஆள் இல்லை. அன்று இல்லம் திறந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், 1901இல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்தார். அதிலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவரை அம்மா என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மற்றப் பெண்களைச் சித்தி என்றார்கள். 1951இல் இறக்கும் வரை அவர் தாயகம் திரும்பவில்லை. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கதவு திறந்திருந்தது என்பது சின்ன விஷயமில்லை. அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் எந்த இடத்துக்குப் போவார்கள் என்று தெரியும். அதனால் பழைய உறவை அறுத்துவிட்டு, அம்மா சித்தி என்று புதிய உறவை அங்கே உண்டாக்க வேண்டியிருந்தது.

ஆனால் திருப்பி அனுப்பக் கூடாத பிள்ளைக்கு ஏற்ற ஏற்பாட்டை, அடுத்த ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும் தாயின் பிள்ளைக்கும் பொருத்தினால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. பஞ்சம் போய்விட்டது, இல்லம் தங்கிவிட்டது. கட்டடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, வெளிநாட்டுப் பணம் வருகிறது. அந்தக் கட்டடத்துக்குப் பிள்ளைகள் வேண்டும். பிள்ளை தேடிப் போனால் எங்கே போவார்கள்? காலனிக்குத்தான் வருவார்கள்.

இங்கே நான் போர்டிங்கையும் இல்லத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. போர்டிங் என்பது படிப்பதற்கான விடுதி. பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வரும், தகப்பன் பெயர் பதிவேட்டில் இருக்கும். நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் எத்தனையோ பேர் அந்த வழியாக வந்தவர்கள். கசப்பும் அதில் உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, கன்னியர் மடத்துக்குள் சாதி எப்படிக் குடியிருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர்கள் படித்தார்கள். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'மும் அந்த உலகத்தைக் காட்டியது. போர்டிங்குக்குப் போன பிள்ளையின் கதையை நம் இலக்கியம் சொல்லத் தொடங்கிவிட்டது. பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்த தாயின் கதை இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

செங்கல்பட்டில் இன்னொரு வழி

மிஷன்களின் வரலாற்றிலேயே இன்னொரு வழியும் இருந்தது. அதை நாம் மறந்துவிட்டோம், சபைகளும் மறந்துவிட்டன.

1880களின் இறுதியிலும் 1890களிலும் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் பறையர் குடியிருப்புகளில் வேலை செய்தார்கள். அங்கே அவர்கள் பார்த்தது இதுதான்: ஒருவன் வாயைத் திறந்தால் மிராசுதார் அவன் குடிசையைப் பிடுங்குவார். நிற்கும் மண்ணே அவனுடையது இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு எவ்வளவு அரிசி கொடுத்தாலும் அது அடுத்த போகத்துக்குள் திரும்பவும் நொடியும். அவர்கள் மனைக்காகவும் நிலத்துக்காகவும் அரசுக்கு எழுதினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். கலெக்டர் திரெமென்கீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றிய அறிக்கையைக் கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நிலத்துக்கு அடிப்படை.

அந்த மிஷனரிகளுக்கு மதம் மாற்றும் நோக்கம் இருந்தது, அவர்கள் வெள்ளைக்கார அரசின் குடிமக்கள், எல்லாம் சரி. நான் சொல்ல வருவது வேறு. மனைப்பட்டா கேட்டு எழுதிய ஒரு மனு, நூறு பிள்ளைகளை இல்லத்துக்குப் போகாமல் தடுக்கும். அதுவும் குழந்தைகள் நல ஊழியம்தான். அந்த நிலத்தைப் பிறகு யார் யார் பிடித்துக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு இரண்டு பேரைக் கொடுத்தோம். ஜான் தாமஸ், ஏழுமலை. பெயர்களைப் பாருங்கள். நிலம் கேட்கும்போது நம்மை மதம் பிரிக்கவில்லை.

ஒரு தாயும் ஒரு சான்றிதழும்

இனி சான்றிதழுக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

நான் பல ஆண்டுகளாகச் செங்கல் சூளைக் குடும்பங்களோடு பழகுகிறவள். முன்பணம் வாங்கிக்கொண்டு தை மாதத்துக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள், மழைக்கு முன்பு திரும்புவார்கள். அப்படிப் போகும் ஒரு தாய். கணவன் இறந்துவிட்டான். பெண்ணுக்கு ஏழு வயதாகும்போது, வேறு மாவட்டத்தில் இருந்த ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு. தாய் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போய்ப் பார்ப்பாள். பெண் பிளஸ் டூ முடித்தாள். கல்லூரிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லத்தின் பதிவேட்டில் பெற்றோர் இல்லை என்று எழுதியிருந்தது. தாய் என்னிடம் வந்து கேட்டாள்: "யக்கா, எம் பொண்ணு பேப்பர்ல நான் செத்துட்டேனா?"

அந்தப் பதிவால் என்ன நடக்கும் தெரியுமா? தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு பிரிவு உண்டு. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லங்களிலும் பள்ளிகளிலும் சேர்ந்த குழந்தைகள் அதில் வருகிறார்கள். உண்மையிலேயே யாருமில்லாத குழந்தைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் தாய் உயிரோடு இருக்கும் ஆதிதிராவிடர் பிள்ளையை அனாதை என்று எழுதினால், அது பட்டியல் சாதியிலிருந்து வெளியே போகிறது. இட ஒதுக்கீடும் போகிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. சாதி மட்டும் போவதில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் ஊர் கண்டுபிடித்துவிடும்.

இதே பட்டியலுக்குப் போகும் இன்னொரு வழி நமக்குப் பழக்கமானது. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதி இல்லை என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பங்க் கடையைத் தனக்கு மட்டும் ஏன் மறுத்தீர்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று 1985இல் தீர்ப்பாயிற்று. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்.

ஆக, ஞானஸ்நானம் எடுத்தாலும் அந்தப் பட்டியல், அனாதை என்று எழுதினாலும் அந்தப் பட்டியல். முதல் கதவை அடைத்தது அரசு. அதற்காகச் சபைகள் ஊர்வலம் போகின்றன, நாமும் கூடவே போகிறோம். இரண்டாவது கதவை அடைப்பது இல்லத்தின் அலுவலக அறையில் இருக்கும் ஒரு பேனா. அதை நிறுத்த டில்லிக்குப் போக வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணின் கதையை முடித்துவிடுகிறேன். தாயிடம் ஆதிதிராவிடர் சான்றிதழ் இருந்தது. அவள் ஊருக்குப் பக்கத்துச் சபையில் பைபிள் உமன் வேலை பார்க்கும் ஓர் அம்மா, இந்தத் தாய் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை என்று தெரிந்தும், கூடவே நடந்தார். தாலுகா ஆபீசுக்குப் பதினொரு முறை போனார்கள். பள்ளிப் பதிவு, ரேஷன் கார்டு, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை. எட்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. ஓர் ஆண்டு வீணாயிற்று, பெண் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தாள். அந்த அம்மா எந்தக் கூட்டத்திலும் சாட்சி சொல்லவில்லை, எந்த அறிக்கையிலும் அவர் படம் வரவில்லை. ஊழியம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அவருடைய அந்தப் பதினொரு நடைதான்.

வேதத்தில் இருக்கும் கூலி

இந்த அவையில் கிறிஸ்தவர்களும் இருக்கிறீர்கள், பெரியார் தொண்டர்களும் பௌத்தர்களும் இருக்கிறீர்கள். எல்லோரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊழியம் செய்கிறவர்களிடம் அவர்கள் புத்தகத்திலிருந்தே பேச வேண்டியிருக்கிறது.

தமிழ் வேதாகமத்தில் அனாதையைத் திக்கற்ற பிள்ளை என்பார்கள். விதவையைச் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் பக்கத்திலேயே திக்கற்ற பிள்ளையும் வரும். ஏன் இரண்டும் சேர்ந்தே வருகின்றன? அந்தப் பிள்ளை அந்த விதவையின் பிள்ளை. எபிரெய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தகப்பனில்லாத பிள்ளை என்றே பொருள். தாய் இருக்கிறாள், கேட்க ஆள் இல்லை, நிலம் இல்லை. விதவையை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிடச் சொல்லி எந்த வசனமும் இல்லை.

மோசேயின் கதையைப் பாருங்கள். அடிமைகளின் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்னவன் பார்வோன். ஆற்றங்கரை நாணலில் கிடந்த பிள்ளையை எடுத்தவள் பார்வோனின் மகள். அவள் நல்லவள்தான். அப்படியே அரண்மனைக்குக் கொண்டுபோயிருந்தால் அது ஒரு நல்ல இல்லத்தின் கதையாக முடிந்திருக்கும். ஆனால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காள் ஓடிவந்து, பால் கொடுக்க ஒருத்தியைக் கூட்டிவரட்டுமா என்று கேட்கிறாள். கூட்டிவந்தது பெற்ற தாயையே. தாய்க்குத் தன் பிள்ளையை வளர்க்கக் கூலி கிடைக்கிறது. சபைக்கு ஒரு வேலை வேண்டுமானால், அந்த அக்காளின் வேலையைச் செய்யட்டும். பணம் இருக்கிறவர்களுக்கும் பெற்ற தாய்க்கும் நடுவே ஓடட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

அதற்கு இன்று சட்டமும் இடம் தருகிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அடிப்படைக் கொள்கையாகச் சொல்கிறது. 41ஆம் பிரிவின்படி ஒவ்வோர் இல்லமும் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பின்னால் நம் மாநிலத்தின் வெட்கக்கேடு ஒன்றும் உண்டு. மாமல்லபுரத்து இல்லங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவது பற்றிய செய்தியால் 2007இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடங்கியது. 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கின் பெயரே தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதைச் சொல்லும் பெயர்.

44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. இதைத் தத்து என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தத்து கொடுத்தால் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவோடு கொஞ்ச காலம் இன்னொரு குடும்பம் வளர்க்கும். பெற்றவர் வந்து பார்க்கலாம். பெற்றவரின் நிலை சரியானால் பிள்ளை திரும்பும். 45ஆம் பிரிவு நிதி ஆதரவு. பிள்ளை சொந்த வீட்டிலேயே இருக்க, வீட்டுக்குப் பணம். 2022 முதல் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இந்த இரண்டுக்கும் மாதம் 4,000 ரூபாய். நிதி ஆதரவுக்குக் குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அன்புக் கரங்கள் என்ற பெயரில் மாதம் 2,000 ரூபாய் தரும் திட்டத்தையும் தொடங்கியது.

தொகை போதாது, வருமான வரம்பும் கஞ்சத்தனமானது. ஆனாலும் இது பிச்சையில்லை, சட்டம் தரும் வழி. வெளிநாட்டு நன்கொடை அப்படியில்லை. 2017 மார்ச்சில் கம்பேஷன் இன்டர்நேஷனல் இந்தியாவில் தன் வேலையை நிறுத்த வேண்டி வந்தபோது, அதன் ஆதரவில் இருந்த சுமார் 1,45,000 குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்தது நின்றது. நிறுத்த வைத்தவர்களின் அரசியல் நமக்குத் தெரியும், அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் சோறு எங்கோ இருக்கும் ஒருவரின் மாதச் சந்தாவிலும் இன்னொருவரின் அனுமதிச் சீட்டிலும் தொங்கக் கூடாது.

எந்தக் குடும்பம்?

குடும்பம் குடும்பம் என்று இவ்வளவு நேரம் பேசினேன். அம்பேத்கரைப் படித்த அவை இது. குடும்பத்தில்தானே சாதி உற்பத்தியாகிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அவர் 1916இலேயே சொல்லிவிட்டார்.

கேள்வி சரியானது. வளர்ப்புக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரிக்கு நல்ல குடும்பம் என்றால் எது கண்ணில் படும்? மாடி வீடு, அரசு வேலை, அமைதியான தெரு. காலனி வீடு கண்ணில் படாது. நம் பிள்ளை ஒரு சாதி வீட்டுக்குப் போனால் அதற்குத் தனித் தட்டு வைப்பார்களா, வேலைக்காரியாக வைப்பார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? சபைக் குடும்பமாக இருந்தால் மட்டும் போதுமா? கல்லறையில்கூடச் சுவர் வைத்த சபைகள் நம் நாட்டில் உண்டு.

ஆனால் நம் சேரிகளில் வளர்ப்பு என்பது புதிதில்லை. தாய் சூளைக்குப் போனால் பாட்டி வளர்ப்பாள். பாட்டி இல்லையென்றால் அத்தை, பெரியம்மா, எதிர்வீட்டு ஆயா. யாரும் மனு போடவில்லை, யாருக்கும் காசு வரவில்லை. சட்டம் இன்று எழுதி வைத்திருப்பதை நம் பெண்கள் வெறும் கஞ்சியில் நடத்திக்காட்டியிருக்கிறார்கள். தாயை இழந்த பேரனை வளர்க்கும் பாட்டிக்கு அந்த 4,000 ரூபாய் போய்ச் சேர வேண்டும். முதலில் உறவில் தேடுங்கள், பிறகு தெருவில் தேடுங்கள், அதற்குப் பிறகு வெளியே போங்கள். வீடே பிள்ளைக்கு ஆபத்து என்றால், அடிக்கிற தகப்பனும் கை வைக்கிற உறவும் இருந்தால், அங்கே விடக் கூடாது. அப்போது நல்ல இல்லம் வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இல்லம்.

செய்ய வேண்டியது

சபைகளிடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, உங்கள் பதிவேட்டைத் திறந்து, தாயோ தகப்பனோ இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்கள் பெயரை எழுதுங்கள். சாதிச் சான்றிதழைப் பிளஸ் டூ வரை தள்ளிப்போடாமல், சேரும் ஆண்டிலேயே வாங்கிக்கொடுங்கள். இரண்டு, ஒரு பிள்ளைக்கு இல்லத்தில் ஆகும் செலவைக் கணக்குப் போட்டு, அதை அந்த வீட்டுக்கே கொடுத்தால் பிள்ளை வீட்டில் இருக்குமா என்று தாயிடம் கேளுங்கள். தாயிடம் கேட்காமல் பிள்ளையைப் பற்றி எந்த முடிவும் வேண்டாம். மூன்று, பதினெட்டு வயதில் வெளியே அனுப்பும் பிள்ளையை அதோடு விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிந்தைய உதவியையும் சட்டம் சொல்கிறது.

தோழர்களிடம் ஒன்று. பஞ்சமி நிலம், குறைந்தபட்சக் கூலி, சூளை முன்பணம் இவற்றையெல்லாம் ஒரு பட்டியலிலும், குழந்தைகள் நலத்தை என்ஜிஓ வேலை என்று வேறு பட்டியலிலும் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றே. ஊராட்சியில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அது கூடுகிறதா, அதில் காலனிப் பெண் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள் இல்லங்களில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள். நிதி ஆதரவு விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூடவே போங்கள். அந்தத் தாய் சொல்வதைக் கேட்டு எழுதியும் வையுங்கள். நல்ல கதை வேண்டும் என்று அடுத்த ஆண்டு இந்த அமைப்பினர் உங்களிடம் கேட்பார்கள்.

 கேள்விகள் இருந்தால் தேநீருக்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம். ஜெய்பீம்.